ஐந்து ஒன்பது

கோதண்டபாணி தன் வருங்காலச் சம்பந்தியை வாசலில் நின்று நான்கு முறை வரவேற்றார். நான்காவது வரவேற்புக்கு மட்டும் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் செலவானது.

சம்பந்தியின் பெயர் நயினார். பாளையங்கோட்டைக்காரர், ஓய்வு பெற்ற சர்வேயர். கோதண்டபாணியின் மகளைத் தன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டு, கல்யாண மண்டபம் பார்ப்பதற்காகச் சென்னைக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். இரண்டையும் இணையாக வைத்தார். கோணம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். உள்ளே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோதண்டபாணி, காதிலும் வாயிலும் மாட்டியிருந்த மைக்கைக் கழற்ற மறந்து எழுந்து ஓடினார்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க!" என்றார். மனிதர் இன்னும் செருப்பையே அளந்துகொண்டிருந்ததால், "அட, வாங்க சம்பந்தி!" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மொத்தம் நான்கு 'வாங்க'. அறைக்குள் இருந்த, வாய்ச்சொல் கேட்டு வியாபாரம் செய்கிற இயந்திரம் நான்கையும் பணிவாகக் கேட்டுக்கொண்டு நான்கு முறை வாங்கியது.

இதற்கு இயந்திரத்தைத் திட்ட முடியாது. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்த குழுவில் கோதண்டபாணியும் இருந்தார். செய்தி வாசிக்கிறவர்கள் பேசிய 'வாங்குக', 'விற்க' மட்டுமே அதற்குத் தெரிந்திருந்த நாளில், "சந்தையில் எவரும் இப்படிப் பேசுவதில்லை. 'பத்து வாங்க, அஞ்சு விக்க' என்பதுதான் வழக்கம். அதையும் சேர்க்கவும்" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஒரு தமிழ் வீட்டு வாசலில் அந்தச் சொல் ஒரு நாளைக்கு எத்தனை முறை புழங்கும் என்பது அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. இருபது வருடமாகத் திரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்ததில், அவர் வீட்டுக்கு விருந்தாளி வருவதே நின்று போயிருந்தது.

முதல் மூன்றும் சாதாரண விலைக்கு வாங்கியவை. வேறு நிறுவனங்களின் இயந்திரங்கள் விற்றவை. கொஞ்சம் நஷ்டத்தோடு திருப்பித் தள்ளிவிட்டார். சாதாரண விலைச் சரக்கு அதோடு தீர்ந்திருந்தது; நான்காவதை விற்றது மனுஷி. திரையில் ஒரு வரி நின்றது: பெரம்பூர் ஒன்பதாம் கூடம், நாற்காலி 412, விலை 99,999, விற்றவர் ஜெசிந்தா.

"என்ன சம்பந்தி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார் நயினார், காப்பி டம்ளரை வாங்கியபடி. "அப்படி என்னதான் வேலை பாக்குதிய?"

"ரெண்டு விலை சொல்ற வேலை."

"வெளங்கல. எங்கூர்ல இந்தச் சந்தை இன்னும் வரல. முதல்லேருந்து சொல்லுங்க."

கோதண்டபாணி மைக் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "சிவப்பு நாள் தெரியும்ல?"

"தெரியாம? வெக்கையும் ஈரமும் சேந்து, வேர்வை காயாம, நின்ன எடத்துல ஆளு விழுதாவ. அதானே."

"அன்னைக்கு வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. எல்லாம் ஏசி கூடத்துக்குப் போயிடும். கூடத்துல ஆளுக்கு ஒரு நாற்காலி. ஆனா கூடம் கட்டின வருஷம் வார்டுல குடியிருந்தவங்களுக்கு மட்டும்தான். பின்னாடி வந்தவங்களுக்கு இல்ல. அதனால நாற்காலி இருக்கிறவங்க ஒரு உரிமையை விக்கலாம். 'அடுத்த சிவப்பு நாள்ல என் நாற்காலியில உக்கார்ற உரிமை'ன்னு. அதை எடுத்துக்கிட்டவர் நாள் வந்தா உக்காரலாம். வேண்டாம்னா விட்டுடலாம். உரிமைதான், கட்டாயம் இல்ல. சீசன் முழுக்க நாளே வரலைன்னா, வித்தவங்களுக்குச் சும்மா காசு."

"நாளு வந்துட்டா வித்தவன் எங்க இருப்பான்?"

கோதண்டபாணி காப்பியை ஆற்றினார். ஏற்கெனவே ஆறியிருந்த காப்பி அது. "அது அவங்கவங்க ஏற்பாடு" என்றார்.

"சரி. இதுல ஒங்களுக்கு என்ன சோலி?"

"எப்ப யார் வந்து கேட்டாலும், இந்த விலைன்னா நான் எடுத்துக்கிறேன், இந்த விலைன்னா நான் தர்றேன்னு ரெண்டையும் காட்டிக்கிட்டே இருக்கணும். நாலாயிரத்துக்கு எடுப்பேன், நாலாயிரத்து இருநூறுக்குத் தருவேன். நடுவுல இருக்கிற இருநூறுதான் எங்க சோறு. அப்படி ஒரு ஆள் இல்லைன்னா சந்தை உறைஞ்சு போயிடும். விக்க வந்தவனுக்கு ஆள் கிடைக்காது, தேடி வந்தவனுக்குச் சரக்கு கிடைக்காது."

சமையலறையிலிருந்து அவர் மனைவி தமயந்தி எட்டிப் பார்த்தாள். "வீட்டுலயும் அதே வேலைதாண்ணே. காப்பி வேணுமான்னு கேட்டா வேணும்னும் வராது, வேண்டாம்னும் வராது. அரை டம்ளர்னா குடிப்பேன், முழு டம்ளர்னா யோசிக்கணும்பாரு. பொண்ணு பாக்க வந்தப்ப, புடிச்சிருக்கான்னு எங்கப்பா கேட்டாரு. இருபத்தெட்டு வருஷமாச்சு, பதில் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

நயினார் சிரித்தார். சிரிப்பு நடுவில் இருமலாக மாறியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். போன மாசிதான் அவர் இதயத்தில் ஒரு வால்வு மாற்றியிருந்தார்கள். இருமல் அடங்கியதும் திரையில் நின்ற வரியைக் கைகாட்டி, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். "அது என்ன, ஒரு லச்சத்துக்கு ஒத்த ரூவா கொறையா ஒரு வெல?"

"அது விலை இல்ல சம்பந்தி. 'விக்க மாட்டேன்'னு அர்த்தம்."

"அப்ப மாட்டேன்னே சொல்லிட்டுப் போலாம்லா?"

"சொல்ல முடியாது. ஒரு தடவை பேர் கொடுத்துட்டா, அந்த நாற்காலிக்கு எப்பவும் ஒரு விலை காட்டியே ஆகணும். விதி. விருப்பம் இல்லாதவங்க கட்டத்துல எத்தனை ஒன்பது கொள்ளுமோ அத்தனையும் போட்டுடுவாங்க. அஞ்சு கட்டம், அஞ்சு ஒன்பது. யாரும் எடுக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை."

"நீங்க எடுத்துட்டிய."

"ஆமா."

"யாரு போட்ட விதி அது?"

"அது… ஒரு கமிட்டி" என்றார் கோதண்டபாணி.

அந்தக் கமிட்டியில் ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேர் வடை சாப்பிட வந்தவர்கள். எந்த நேரத்திலும் வாங்கவும் விற்கவும் முடிகிற சந்தைத் தன்மைக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று தலைவர் கேட்டபோது 'நீர்மை' என்று சொன்னவர் கோதண்டபாணி. குடிநீர் வாரியத்தோடு குழப்பம் வருமே என்று ஒருவர் கவலைப்பட்டார். நீர்மை என்றால் நல்ல குணம் என்றும் பொருள் உண்டு என்று ஓரத்தில் இருந்த தமிழாசிரியர் சொன்னார். அது குறிப்பேட்டில் ஏறவில்லை. ஏறியது கோதண்டபாணி சொன்ன ஒரு வரி: 'விலை இல்லாத நாற்காலி இருக்கக் கூடாது.' விற்க விரும்பாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்று அந்தத் தமிழாசிரியர்தான் கேட்டார். "யாரும் கொடுக்க முடியாத விலையைப் போட்டுக்கட்டும் ஐயா. 'மாட்டேன்' என்பதும் அதுவும் ஒன்றுதானே?" என்றார் கோதண்டபாணி. கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடை இப்போது அவருடைய இயந்திரத்தின் மேல் தூசி படாதபடி மூடிக் கிடந்தது.

பகல் பன்னிரண்டுக்கு எல்லாருடைய கைப்பேசியும் ஒரே குரலில் அலறியது. வியாழக்கிழமை சிவப்பு நாள். தண்டவாளம் வளைந்துவிடும் என்பதால் திங்கட்கிழமை மாலையிலிருந்தே தெற்கே ரயில் கிடையாது. நயினாரின் பயணச்சீட்டு செவ்வாய் இரவுக்கு. சென்னையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

தமயந்தி கணவனைப் பார்த்தாள். கோதண்டபாணி திரையைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு அங்கே பத்திரமாக நின்றது. புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டும்: உட்காரப்போகிறவர் பெயரைக் கொடுக்கலாம், விலை போட்டு விற்கலாம், அல்லது விற்றவருக்கே விட்டுக்கொடுக்கலாம்.

தவறுதலாக வாங்கியதே தக்க சமயத்துக்கு உதவியது பாருங்கள் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. சொந்தக் குரல்தான். அவருக்கு அதை அடையாளம் தெரிந்தது.

*

மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு செவ்வாய்க்கிழமை கிளம்பினார். வேறொன்றையும் கேட்டுவிட்டு வரத்தான் போகிறோம் என்பது பஸ் ஏறும்போதே தெரியும்.

ஒன்பதாம் கூடம் ஒரு காலத்தில் ரயில் பெட்டி பழுதுபார்த்த கொட்டகை. இப்போது எண்ணூறு நாற்காலிகளைத் தரையோடு சேர்த்துத் திருகி வைத்திருந்தார்கள். சிவப்பு நாளுக்கு முன்னால் நாற்காலிகளை மருந்துத் தண்ணீர் தொட்டுத் துடைப்பது வழக்கம். வாயிற்காவலர் கைகாட்டிய திசையில், நைட்டிக்கு மேல் சீருடைச் சட்டை போட்ட ஒரு பெண், ஐம்பத்தெட்டு வயதிருக்கும், வரிசை வரிசையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெசிந்தா நீங்கதானா?"

"ஆமா சார். கொயாய்ல தண்ணி வர்லன்னு கம்ப்ளைண்ட் குட்த்தது நீங்களா?"

"இல்லம்மா. நான்… நானூத்திப் பன்னெண்டு."

துணி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. "ஓ. நீங்கதானா சார் அது. ஏரியா ஃபுல்லா அதான் பேச்சு. ஜெசிந்தாக்கு லாட்டரி அட்சிச்சுன்னு. பக்கத்து வூட்டு ஃபிலோமினா கேக்கே வாங்கியாந்துடுச்சு."

"தப்பு நடந்து போச்சும்மா. நான் வேணும்னு பண்ணல. வாசல்ல ஒருத்தரை வாங்கன்னு சொன்னேன், அது…"

"இதுல இன்னா சார் தப்பு. வெல போட்டோம், எட்துக்கினீங்க."

"நீங்க ஏன் சந்தையில பேர் கொடுத்தீங்க?"

"எங்க சார் குட்த்தேன். கேம்ப் போட்டாங்கோ. கைரேகை வெச்சா எவர்சில்வர் தூக்கு தர்றோம்னாங்கோ. வெச்சேன். நல்ல தூக்கு சார், மூடி மட்டும் லூஸு."

அவள் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். அவரும் கூடவே நகர்ந்தார். இருபது வருடம் ஒரு நிமிடத்துக்கு இருநூறு விலை சொன்ன வாய்க்கு ஒரு கேள்வி வர மூன்று நாற்காலி ஆயிற்று.

"வியாழக்கிழமை எங்க இருப்பீங்க?"

"எங்கனா இருந்துக்கறேன் சார். பாத்துக்கலாம்."

"சிரமம்னா சொல்லுங்க."

"சிரமம் இன்னா சார் சிரமம்."

"ஊர்லேருந்து சம்பந்தி வந்திருக்காரு. நெஞ்சுல ஆபரேஷன் ஆன உடம்பு. ரயில் வேற இல்ல. அதான்…"

"நல்லது சார். சம்பந்தின்னா பாத்துக்கணும்ல" என்றாள் ஜெசிந்தா, துணியைப் பிழிந்தபடி.

அவர் நன்றி சொன்னார். எதற்கு நன்றி என்று அவளும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லை எடுத்துப் பார்த்தார். அதற்கும் இரண்டு விலை உண்டு. சொல்கிறவர் 'முடியாது' என்று விற்பார். கேட்கிறவர் 'சரி' என்று எடுத்துக்கொள்வார். நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் ஊரே குடியிருக்கிறது. தொழில் தெரிந்த ஆள் என்பதால் அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினார்.

"என்ன சொன்னாவ?" என்றார் நயினார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல போலத்தான் இருக்கு. பாத்துக்கலாம்னாங்க."

"சம்பந்தி, நான் முப்பத்தஞ்சு வருசம் சங்கிலி புடிச்சு நெலம் அளந்தவன். வரப்பு இங்க இருக்கு, இல்ல அங்க இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கேன்னு எந்த வரப்பும் சொன்னதில்ல. எனக்குச் சீட்டு உண்டா, இல்லியா?"

"இருக்கு… ஒரு மாதிரி இருக்கு."

நயினார் அதற்குமேல் கேட்கவில்லை. மண்டபத்தின் வரைபடத்தை விரித்து, சமையல் கூடத்துக்கும் பந்திக்கும் எத்தனை அடி என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். தமயந்தி இரவுச் சாப்பாட்டில் கணவனுக்கு மட்டும் கேட்காமலேயே அரை தோசை வைத்தாள்.

*

புதன்கிழமை காலை நிறுவனத்திலிருந்து ப்ரணவ் அழைத்தான். கோதண்டபாணியின் மேலதிகாரி, கோதண்டபாணியின் பாதி வயது, உற்சாகம் இரண்டு மடங்கு.

"சார், பாத்தீங்களா ஒன்பதாம் கூடத்தை? அஞ்சு ஒன்பது போட்டிருந்த இருநூத்திப் பதினாலு நாற்காலியும் காலி!"

"காலின்னா?"

"போயிடுச்சு சார், வித்தாச்சு. வரிசையா எடுத்துட்டாங்க. புது டவர்ல இருக்கிறவங்களோட மெஷின் எல்லாம். அவங்களுக்கு ஒரு லட்சம் எல்லாம் ஒரு விஷயமா?"

"அது விலை இல்லையேப்பா. அது… மாட்டேன்னு சொல்றதுக்குப் போட்டது."

"அதான் சார் விஷயமே. இத்தனை வருஷமா மெஷின் எதுவுமே அஞ்சு ஒன்பதை விலையா எடுத்துக்கல. போலி விலைன்னு ஒதுக்கி வெச்சிருந்துச்சு. திங்கட்கிழமை நீங்க வாயால சொல்லி ஒண்ணு எடுத்தீங்க பாருங்க, பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்கு. அதைப் பாத்துக் கத்துக்கிச்சு. ஓ, இதுவும் கிடைக்கிற சரக்குதான்னு." ப்ரணவ் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "உங்க விதிதான் சார் காப்பாத்துச்சு. விலை இல்லாத நாற்காலி கூடாதுன்னு நீங்க போட்டது. இல்லைன்னா இன்னைக்கு வெளியாளுக்கு ஒரு நாற்காலி கிடைச்சிருக்குமா? நீர்மைன்னா இதுதான் சார்."



"உங்க நானூத்திப் பன்னெண்டுக்கும் முப்பத்தாறு பேர் நிக்கறாங்க. விலை போட்டா ஒரே செகண்ட்ல போட்ட காசு திரும்பிடும். என்ன சொல்றீங்க?"

"பார்க்கலாம்" என்றார் கோதண்டபாணி. சொன்ன பிறகு அந்தச் சொல் வாயில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருந்தது.

இருநூற்றுப் பதினாலு பேர். ஒவ்வொருவரும் ஒரு நாள் உட்கார்ந்து, கட்டத்துக்குக் கட்டம் ஒன்பதை அழுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு ஒன்பதும் ஒரு 'மாட்டேன்'. இவர் வாசலில் நின்று சம்பந்தியை உபசரித்து, அத்தனை 'மாட்டேன்'களையும் 'சரி' என்று மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். மொழிக்குத் தொண்டு செய்கிறவர்களுக்குத்தான் பொன்னாடை போர்த்துவார்கள். அவர் எழுந்து போய் அதை இயந்திரத்தின் மேலிருந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் பீரோவில், பழைய போர்வைகளுக்கு அடியில் திணித்தார். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

*

மாலை நான்கரைக்கு அவர் கூடத்துக்குப் போனபோது வெளியே சுவரோரம் ஆட்கள் பையும் பாயுமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. எல்லாருடைய கணக்கிலும் பணம் ஏறியிருந்தது. சத்தம் போடுவதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாத முகங்கள். ஒருவர் மட்டும் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "ஆனா நான் அஞ்சு ஒம்போது போட்டேனேப்பா, அஞ்சு ஒம்போது போட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஜெசிந்தா கடைசி வரிசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு துடைத்து முடிந்து பளபளத்தது.

"இன்னா சார், பேர் எய்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல." அவர் நின்றார். உட்கார அங்கே எண்ணூறு நாற்காலிகள் இருந்தன; ஒன்றில்கூட உட்காரத் தோன்றவில்லை. "ஜெசிந்தாம்மா, ஒண்ணு சொல்லணும். விலை போட்டே ஆகணும்னு ஒரு விதி இருக்குல்ல. அதைப் போட்டது நான்தான்."

"எதை?"

"விலை இல்லாத நாற்காலி இருக்கக் கூடாதுன்னு. வேண்டாம்னா அஞ்சு ஒன்பது போட்டுக்கட்டும்னு சொன்னதும் நான்தான். அப்புறம் அந்த அஞ்சு ஒன்பதை முதல்ல எடுத்ததும் நான்தான். வெளியில உக்காந்திருக்காங்களே, அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் போச்சு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். வெகுநேரம் அவரையே பார்த்தாள். வேலைக்காரி முதலாளியைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை; துடைக்க விட்டுப்போன இடத்தைப் பார்க்கிற பார்வை.

"ரெண்டு வருசம் முன்னாடி ஒருக்கா எனக்குப் போச்சு சார்" என்றாள். "அப்ப வெவரம் தெரியாது. ஆறாயிரம்னு போட்டிருந்தேன். ரயில்வே பாலத்துக்குக் கீய ஒரு பழைய தண்ணித் தொட்டி கீது. நாற்காலி இல்லாதவங்கோ அதுலதான் கழுத்து வரிக்கும் உக்காருவோம். எம்பக்கத்துல ஒரு அண்ணன் உக்காந்துனு இருந்தாரு. கதை சொல்லிக்கினே இருந்தாரு, சிரிப்பு சிரிப்பா. மூணு மணிக்குக் கதையை நிறுத்திட்டாரு. தூங்கறாருன்னு நெனச்சோம். சாயந்திரம் எல்லாரும் எந்திரிச்சோம். அவரு எந்திரிக்கல. அப்பால வந்துதான் அஞ்சு ஒம்போது போட்டேன்."

கோதண்டபாணி பளபளத்த நானூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தார்.

"உங்க நாற்காலிக்கு எவ்ளோ சார் வெல?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"என்னுதா?"

"உங்களுக்கும் ஒண்ணு இருக்கும்ல. வெல இல்லாத நாற்காலியே இருக்கக் கூடாதே."

இருந்தது. மூன்றாம் கூடம், அறுபத்தெட்டாம் எண், ஏசி காற்று நேராக வந்து விழுகிற இடம். "நான்… சந்தையில பேர் கொடுக்கல" என்றார். சொல்லும்போதே தன் குரலைத் தானே கேட்டார். தொழிலில் இருக்கிறவர்கள் யாருமே கொடுத்ததில்லை. கமிட்டியில் ஏழு பேரில் ஒருவரும் கொடுத்ததில்லை. அதை இதுவரை ஒரு விஷயமாக அவர் நினைத்ததுகூட இல்லை. திங்கட்கிழமையிலிருந்து இரண்டு நாளாகச் சம்பந்தியை எங்கே உட்கார வைப்பது என்று தவித்தவருக்கு, அந்த அறுபத்தெட்டு ஒரு முறையாவது நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. தமயந்திக்கு வந்திருக்கும். அரை தோசை வைத்தபோதே வந்திருக்கும். நயினாருக்கும் வந்திருக்கும், மனிதர் மரியாதைக்காக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது மடல்கள் சுட்டன. வெயில் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை, கூடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

கைப்பேசியை எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்தார். மூன்று பொத்தான்கள் இருந்தன. மூன்றாவது, 'விட்டுக்கொடுக்கிறேன்', மற்ற இரண்டைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. அதை அழுத்தினார். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றார். காரணம் கேட்டது. காரணம் எழுதுகிற கட்டத்தில் ஐந்து எழுத்துக்கு மேல் இடமில்லை. ஒரு புள்ளி வைத்து அனுப்பினார்.

அவள் கைப்பேசி சட்டைப் பையில் சிணுங்கியது. எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே போட்டாள்.

"காசு உங்களோடதுதாம்மா. அதை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. வைச்சுக்குங்க."

"தெரியும் சார்."

பிறகு அவர் வீட்டுக்குப் பேசினார். "சம்பந்தி, சீட்டு இருக்கு. மூணாம் கூடம், அறுபத்தெட்டு."

"அது யாரு சீட்டு?"

"என்னுது."

"அப்ப நீங்க?" என்றார் நயினார்.

"அது அப்புறம்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "எனக்கு இல்ல. நான் வெளியில இருக்கப் போறேன்" என்றார். தன் வாழ்நாளில் ஒரே விலை சொன்னது அதுதான் முதல் முறை. நயினார் வேண்டாம் என்றார், கூடாது என்றார், தமயந்தியிடம் போனைக் கொடுத்தார். "காலைல கஞ்சி வெச்சுத் தர்றேன். முழு டம்ளர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சொந்த நாற்காலியை உறவுக்காரருக்குச் சும்மா கொடுப்பதற்கும் ஒரு வழி இருந்தது. கைரேகை போதும். இதுவரை யாரும் கொடுத்ததில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. ஜெசிந்தா அதற்குள் கடைசி நாற்காலியையும் துடைத்து முடித்து, வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"தொட்டிக்கு வரப்போறீங்களா?" என்றாள்.

"வேற இடம் தெரியாது."

"காலைல ஆறுக்கே போய்டுங்கோ. வடக்குப் பக்கம் செவுரு ஓரமா எடம் புடிங்க, மத்யானத்துக்கு மேல அங்கதான் நெழல். உப்பு எட்துனு போங்க. வெறும் தண்ணியா குடிச்சுக்கினே இருக்காதீங்க. தூக்கம் வந்தா தூங்காதீங்க, பக்கத்துல இருக்கறவங்க கையைப் புட்ச்சிக்கினு பேசிக்கினே இருங்க. அவங்க பேசறத நிறுத்தினா தட்டி எழுப்புங்க. வெளியில உக்காந்துனு கீதே அந்த ஜனங்களும் அங்கதான் வரும். நெறைய பேருக்கு இது மொத தபா. சொல்லிக் குடுங்க."

அவர் தலையாட்டினார். ஒவ்வொன்றையும் மனதில் எழுதிக்கொண்டார். அவள் கொஞ்சம் யோசித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். நாலைந்து எலுமிச்சைத் துண்டு, உப்பில் போட்டுக் காயவைத்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்குள் இருந்த பழைய ஆள் தலை தூக்கினான். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, பணத்தைக் கேட்கவில்லை, சொந்த இடத்தையும் விட்டாயிற்று, அந்த அம்மாளும் எலுமிச்சை கொடுக்கிறாள். இனி எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சின்ன விலையாவது வர வேண்டாமா? 'அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்' என்று ஒரு வார்த்தை. ஐம்பத்தேழு வருடமாக யாரிடம் கேட்டாலும் கிடைத்த வார்த்தை. அது ஒன்று கிடைத்துவிட்டால் இன்றிரவு தூங்கிவிடலாம்.

"அப்ப என்மேல உங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்லையே?" என்றார், பாதிச் சிரிப்போடு.

ஜெசிந்தா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.